காப்பு அவிழாத கிணறு

எங்கள் ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. இவள் வீட்டில் போய்ச் சோறு கேட்கலாம், குழம்பு கேட்கலாம், முகம் சுளிக்காமல் போடுவாள். ஆனால் கை கழுவும்போது மட்டும் பார்த்துக் கழுவ வேண்டும், இரண்டாவது சொம்பு மொண்டால் முறைப்பாள் என்பார்கள். பேச்சில் பொய்யில்லை. எங்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து அலசும்போது முதல் அலசலை ஒரு குண்டானிலும் இரண்டாம் அலசலை இன்னொரு குண்டானிலும் பிடித்து வைப்பேன். முதலாவது வாழைக்கு. இரண்டாவது அடுத்த வேளைப் பாத்திரத்துக்கு. குளிக்கிற கல்லை வாழைக்கும் முருங்கைக்கும் நடுவே தள்ளிப் போட்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர், "நான் குளிக்கிறது எனக்கா, வாழைக்கா?" என்று கேட்டார். இப்போது வண்டியைத் துடைப்பதென்றால்கூட அதைத் தள்ளிக்கொண்டு போய் ஏதாவது ஒரு கன்றின் பக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் துணியை நனைக்கிறார். சோப்புப் போட நான் விடுவதில்லை.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஜவ்வாது மலையில் மழை பெய்யும்போது பெய்யும். ஆனால் சரிவில் விழுந்த தண்ணீர் நாம் குடையை மடக்குவதற்குள் இறங்கி அடிவாரத்து அமிர்திப் பக்கம் போய்விடும். பங்குனி பிறந்துவிட்டால் தெருக்குழாய் கண்ணாமூச்சி காட்டும். அதற்கப்புறம் அவரவர் கிணற்றை நம்பித்தான் அவரவர் பிழைப்பு.

அப்பாவுக்கு நாங்கள் இரண்டே பேர், அண்ணனும் நானும். என்னை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்ததால் நிலத்தில் மேல்பாதியை எனக்கும், கீழ்ப்பாதியை அண்ணனுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இரண்டுக்கும் நடுவில் வீடு உயரத்துக்கு ஒரு பாறை. பாறையை ஒட்டி என் பக்கத்தில் கிணறு. அது மட்டும் இரண்டு பேருக்கும் பொது. ஒரு நாள் அவன் முறை, மறுநாள் என் முறை என்று மோட்டார் போட்டுக்கொள்வோம். மேலே நின்றால் அவன் நிலம் தெரியாது, கீழே நின்றால் என் நிலம் தெரியாது, பாறை மறைத்துக்கொள்ளும். அதை ஒரு குறையாக நாங்கள் நினைத்ததே இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் கிணறு அடியோடு காய்ந்து, கீழே இறங்கி மண்ணைத் தோண்டிச் சிரட்டையால் மொள்ளும் நிலைமை வந்தது. இரண்டு பேரும் பயிர் வாடுகிறதே என்று போட்டி போட்டுக்கொண்டு இறைத்ததால் வந்த வினை அது. மழை வந்து கிணறு நிரம்பிய பிறகு அண்ணன்தான் ஒரு யோசனை சொன்னான். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர் முழுக்க ஒரு கட்டுக்குள் நிற்கிறதே, அதேபோலக் கிணற்றுக்கும் காப்புக் கட்டினால் என்ன?

"நம்ம கையி சும்மா இருக்காது பாப்பா" என்றான். நான் கிழவி ஆனாலும் அவனுக்குப் பாப்பாதான். "செடி வாடறதப் பாத்தா மோட்டாரப் போட்டுருவோம். சாமி பேரச் சொல்லிக் கட்டிட்டா ஒரு பயம் இருக்கும்ல?"

அப்படித்தான் அது தொடங்கியது. மாசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, மஞ்சளில் நனைத்த கயிற்றில் வேப்பிலை செருகி, மோட்டார் பெட்டி மாட்டியிருக்கும் கல்தூணில் சுற்றுவோம். ஒரு முனையில் அண்ணன் முடிச்சுப் போடுவான், மறுமுனையில் நான். கற்பூரம் கொளுத்திக் கும்பிடுவோம். அதற்குப் பிறகு மோட்டார் கிடையாது, வயலுக்கு ஒரு சொட்டு கிடையாது. குடிக்க, சமைக்க, மாட்டுக்குக் காட்ட, சின்னக் கன்றுகளுக்கு ஊற்ற என்று குடத்தில் மட்டும் மொண்டுகொள்ளலாம். நல்ல மழை பெய்து கிணற்றில் தண்ணீர் ஏறிய பிறகு இரண்டு பேரும் வந்து அவரவர் முடிச்சை அவரவர் அவிழ்க்க வேண்டும். ஒருவர் முடிச்சில் மற்றவர் கை வைக்கக் கூடாது. அண்ணன் போடுவது மாட்டைக் கட்டுகிற முடிச்சு, ஒரு இழுப்பில் வந்துவிடும். என்னுடையது பூக் கட்டுகிற கையின் முடிச்சு. பல்லைக் கொண்டு போகாமல் அவிழாது. கிணற்றுக்கு வளைகாப்பா என்று ஊரில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் கிணறெல்லாம் சித்திரையில் காய்ந்தது, எங்கள் கிணறு காயவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் நான் பலா வைத்தேன். சாமை விதைக்கிற மேட்டு நிலத்தின் விளிம்பு முழுக்க வரிசையாக வைத்தேன். எங்கள் மலைப் பலாவுக்குக் கீழே நல்ல பேர். ஒரு மரம் நின்றுவிட்டால் நமக்கு அப்புறமும் நின்று காய்க்கும். முதல் மூன்று கோடையைத் தாண்ட வைப்பதுதான் பாடு. தாண்டிவிட்டால் வேர் ஆழத்தில் இறங்கித் தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும். கீழே விடுதியில் தங்கிப் படிக்கிற என் மகளுக்கு நகையோ வீடோ என்னால் வைத்துவிட்டுப் போக முடியாது. இந்த மரங்களைத்தான் வைத்துவிட்டுப் போகப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு கன்றுக்கும் சரிவுக்குக் குறுக்கே பிறை மாதிரி ஒரு வரப்பு. காலடியில் காய்ந்த இலைச் சருகு. பக்கத்தில் ஒரு பானையைப் புதைத்து, அடியில் ஓட்டை போட்டு, துணித்திரி செருகி வைத்தேன். ஒரு பானை தண்ணீர் ஊற்றினால் கன்று அதை நிதானமாக வைத்துக் குடிக்கும்.

முதல் கோடையைக் கன்றுகள் தாண்டிவிட்டன. இரண்டாவது கோடைக்கு வழக்கம்போலக் காப்புக் கட்டினோம். கட்டிச் சில நாட்களுக்குள் அண்ணன் மகளுக்குப் பிரசவ நேரம் வந்தது. தலைப்பிரசவம், கை கால் எல்லாம் வீங்கியிருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, குழந்தை பிறந்து தேறும்வரை அங்கேயே இருப்பதுதான் நல்லது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் என் வீட்டுக்கு வந்தான்.

"நீயும் கூடப் போ பாப்பா. உங்கண்ணி ஒரு பயந்தாங்கொள்ளி. நீ இருந்தாத்தான் எனக்கு தைரியம்."

"கன்னுங்களுக்கு யாருண்ணா தண்ணி ஊத்தறது?"

"நான் ஊத்த மாட்டனா? அது உன் கன்னுன்னா, என் கன்னு இல்லியா?"

அந்த ஒரு பேச்சில் நான் உருகிவிட்டேன். கூடப் பிறந்தவன் என்றால் இவனைப்போல் இருக்க வேண்டும் என்று பேருந்து அமிர்தி தாண்டும்வரை அண்ணியிடம் சொல்லிக்கொண்டே போனேன். என் வீட்டுக்காரர் வேலூரில் கட்டட வேலை பார்ப்பவர், வழக்கமாக ஞாயிறன்று ஊருக்கு வருவார். நான் வேலூரிலேயே இருந்ததால் அந்த ஞாயிறுகளில் அவரும் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். ஆக எங்கள் வீட்டில் ஆளே இல்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துக்கொள்வது. இன்னொன்று ஒழுகுகிற குழாய்களைப் போய்ப் போய் மூடுவது. குழந்தைத் துணி அலசிய தண்ணீரை வாளியில் எடுத்துப் போய் வாசலில் இருந்த செடிகளுக்கு ஊற்றினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் மலையைப் பற்றி, கிணற்றைப் பற்றி, காப்பைப் பற்றி அவர்களிடம் கதை கதையாகச் சொன்னேன். ஒருத்தி, "நீங்க இங்க கீறீங்க, அங்க யாரு காவல்?" என்று கேட்டாள். "எங்கண்ணன் கீறாரு" என்றேன், ஏதோ ஒரு கோட்டையைச் சொல்வதுபோல.

பெண் குழந்தை பிறந்தது. முதலில் கையில் வாங்கியது நான்தான். அந்த நாட்களில் இரவு அண்ணியும் நானும் ஒரே பாயில்தான் படுத்தோம். ஒருநாள் காலையில் ஊருக்குப் போன் போட்டேன்.

"கெணறு எப்டிண்ணா கீது?"

"அப்டியே கீது. காப்பு கட்டியாச்சு, அப்பால இன்னா பயம்?"

அவனுக்குப் பின்னால் பெரிய இரைச்சல். லாரி நின்ற இடத்திலேயே உறுமுவதுபோல, கூடவே கல்லை அரைப்பதுபோல.

"இன்னாண்ணா சத்தம்?"

"ரோடு போடறாங்க. ஒண்ணியும் கேக்க மாட்டுது, அப்பால பேசறேன்."

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நம்மூருக்கு ரோடு போடறாங்களாம் அண்ணி, இனிமே குலுங்கிக்கினு போக வேணாம்" என்றேன். அண்ணி தலையை ஆட்டினாள். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

திரும்பி வந்தபோது ரோடு பழைய பள்ளமும் மேடுமாகவே கிடந்தது. அண்ணனிடம் கேட்டேன். "அந்தப் பக்கம் முடிச்சிட்டு இங்க வருவாங்க" என்றான். சரி என்று விட்டேன். பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே கிணற்றுக்குப் போனேன். வேப்பிலை காய்ந்து சருகாகியிருந்தது. கயிறு அப்படியே இருந்தது, என் முடிச்சு, அவன் முடிச்சு, இரண்டும் அப்படியே இருந்தன. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. வெயில் காலம், இறங்கத்தான் செய்யும். கன்றுகளும் உயிரோடு இருந்தன. பானைகளில் தண்ணீர் இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறான் என்று பூரித்துப் போனேன்.

அதற்கப்புறம்தான் வினோதம் தொடங்கியது. கிணற்றின் கல்படிகளை வைத்துத்தான் நாங்கள் தண்ணீரை அளப்போம். ஒரு படியில் நின்ற தண்ணீர் நாலு நாளில் அதற்கடுத்த படிக்கு இறங்கியது. பிறகு அதற்கும் கீழே இறங்கியது. இத்தனை வேகத்தில் அது இறங்கி நான் பார்த்ததில்லை. தினம் விடிந்ததும் ஓடிப் போய் முடிச்சைத்தான் பார்ப்பேன். யாராவது அவிழ்த்துக் கட்டியிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும், என் முடிச்சை இன்னொரு கை போட முடியாது. முடிச்சு நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர்தான் இல்லை.

அப்போது நான் யாரைச் சந்தேகப்பட்டேன் தெரியுமா? என்னை. என் வீட்டை. இத்தனை நாள் சிக்கனம் சிக்கனம் என்று வாய் கிழியப் பேசிவிட்டு எங்கேயோ கோட்டை விடுகிறேன் என்று நினைத்தேன். வாழையை விட்டேன். முருங்கையை விட்டேன். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்வதோடு குளியலை முடித்துக்கொண்டேன். பசுவைக் கொண்டுபோய் நாத்தனார் வீட்டில் கட்டிவிட்டு வந்தேன். அது திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்தியது. ஞாயிற்றுக்கிழமை வந்த என் வீட்டுக்காரர் முகம் கழுவ இரண்டாவது தடவை மொண்டதற்கு, "கெணத்தையே முழுங்கிட்டுப் போங்க" என்று தெரு கேட்கக் கத்தினேன். அவர் அடுத்த வாரம் வண்டியின் இரண்டு பக்கமும் தண்ணீர் கேன்களைக் கட்டிக்கொண்டு வேலூரிலிருந்து மலையேறி வந்தார். கன்றுகளுக்கு ஊற்றச் சொல்லி இறக்கி வைத்தார். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அண்ணனும் வந்தான். கிணற்றுச் சுவரில் கையூன்றி என்னோடு சேர்ந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"வெயிலு பாப்பா. ஊரெல்லாம் அப்டித்தான் கீது. நீ இன்னும் கொஞ்சம் கம்மியா மொள்ளு."

சொன்னானே, அதே வாயால். நானும் சரி என்று குடத்தைக் குறைத்துக்கொண்டேன். பெரிய கன்றுகள் தாங்கும் என்று சின்னவற்றுக்கு மட்டும் ஊற்றினேன். பெரிய கன்றுகளின் இலை விளிம்பு பழுத்துச் சுருளத் தொடங்கியது.

சித்திரைக் கடைசியில் ஒருநாள் மத்தியானம் அண்ணி வந்தாள். அண்ணிக்கு வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகத் தெரியாது. முந்தானையிலிருந்து ஒரு கட்டு முள்ளங்கியை எடுத்து வைத்தாள். இலை பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நின்றது.

"முள்ளங்கி சாம்பார்னா உசுர வுடுவியே, அதான் எடுத்தாந்தேன்."

"ஏதுங்க அண்ணி இந்த வெயில்ல?"

"சந்தைல வாங்குனது" என்றாள். குழந்தை அழும் என்று சொல்லி உட்காராமல் போய்விட்டாள்.

முள்ளங்கியைக் குண்டானில் போட்டுக் கழுவினேன். கழுவிய தண்ணீரைக் கொட்டுகிற பழக்கம் எனக்கு இல்லையே. மண் அடியில் தங்கட்டும், தெளிந்ததை எடுத்துக் கன்றுக்கு ஊற்றலாம் என்று ஓரமாக வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்து குண்டானைச் சாய்த்தபோது அடியில் தங்கிய மண் வெயிலில் மினுமினு என்று மின்னியது. காக்காப்பொன். மைக்கா என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். பாறைக்குக் கீழே அண்ணன் பங்கில் மட்டும்தான் மண்ணில் அது கலந்து கிடக்கும். என் பக்கத்தில் கிடையாது, ஊரில் வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் அண்ணனும் நானும் அந்த மண்ணைக் குழைத்துக் கையிலும் கழுத்திலும் பூசிக்கொண்டு, நகை போட்டிருக்கிறோம் என்று ஆடுவோம். அந்த மண் எனக்குத் தெரியாமல் போகுமா? குண்டானில் கை விட்டு அதை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பாறையைச் சுற்றிக் கீழே இறங்கியதும் முதலில் ஈர வாசனை வந்தது. கோடையில் எங்கள் மலையில் இல்லாத வாசனை அது. பாத்தி பாத்தியாக முள்ளங்கி. அதற்கப்பால் தக்காளி பூவும் பிஞ்சுமாக நின்றது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு சத்தமும் இல்லாமல். பாறையின் அடியில், எங்கள் கிணற்றுக்கு அந்தப் பக்கம் சரியாக முதுகு கொடுத்தாற்போல, அறுத்த சாமைத் தாளைக் குவியலாகப் போட்டிருந்தார்கள். தாளுக்கு நடுவே நீலக் குழாய் ஒன்று மேலே எழும்பி வளைந்திருந்தது. போர்வெல். தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற மோட்டார், அதனால் மேலே சத்தம் கேட்பதில்லை. எங்கள் கிணற்றின் ஊற்றுக்கண் இருப்பதே அந்தப் பாறை இடுக்கில்தான். கிணற்றுக்கு வந்த தண்ணீரை இது வழியிலேயே மறித்துக்கொண்டது, கிணற்றில் நின்றதையும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டது.

குழாயடியில் ஊர்ப் பெண்கள் சிலர் குடத்தோடு நின்றிருந்தார்கள். என் பக்கத்து வீட்டுக்காரியும் நின்றாள். கிணற்றுக்கு வளைகாப்பா என்று முதலில் சிரித்தவள் அவள்தான். என்னைக் கண்டதும் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?" என்று கேட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரிதான், "அண்ணன் தங்கச்சி வெவகாரம்மா. நாங்க இன்னாத்துக்கு நடுவுல? ஊருக்கும் ஆளுக்கு ஒரு கொடம் தர்றாரு" என்றாள்.

ஆக ஒரு குடம் தண்ணீருக்கு மொத்த ஊரும் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. பசுவை ஓட்டிக்கொண்டு போனேனே, அப்போது வழியில் நின்று பார்த்தவர்கள் இவர்கள். வெயிலு, வெயிலு என்று உச்சுக்கொட்டியவர்கள்.

அண்ணன் தக்காளிக்கு நடுவிலிருந்து நிமிர்ந்தான். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"எப்பண்ணா போட்ட?"

"தோ, இப்பத்தான்."

"நான் ஆஸ்பத்திரில இருந்தப்பவா?"

நான் கத்தவில்லை. கத்துவேன் என்று அவன் எதிர்பார்த்திருப்பான்.

"கெணத்துல நான் கை வெச்சனா?" என்றான். "காப்ப அவுத்தனா? போய்ப் பாரு, நான் போட்ட முடிச்சு அப்டியே கீது. என் நெலத்துல நான் போர் போட்டேன். எத்தினி வருசம்தான் ஒவ்வொரு கோடையும் கையக் கட்டிக்கினு வானத்தப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கிறது? உனக்கு ஒரு வரிச கன்னு. எனக்கு வெவசாயம்தான் பொழப்பு."

"என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ வுட்டிருக்க மாட்ட."

அது உண்மை. விட்டிருக்க மாட்டேன். பாறை இடுக்கில் துளை போட்டால் கிணறு போய்விடும் என்று சொல்லியிருப்பேன், அவன் காலில் விழுந்தாவது தடுத்திருப்பேன். அது அவனுக்குத் தெரியும். அதனால்தான்.

"அதுக்குத்தான் என்ன வேலூருக்கு அனுப்புனியா? நீ இருந்தா எனக்கு தைரியம்னு சொன்னியே, அது இதுக்குத்தானா?"

அண்ணன் வாய்க்காலைப் பார்த்தான். தண்ணீர் ஒரு பாத்தியில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குனிந்து மடையைத் திருப்பி அடுத்த பாத்திக்கு விட்டான். வேறு பதில் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. அந்த இரைச்சலை நான் போனில் கேட்டேன், ரோடு என்று சொன்னான், நம்பினேன். அந்த நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கும் தெரியும். இத்தனை இரவுகள் ஒரே பாயில் படுத்து, ஒரே இலையில் இட்லி பிட்டுத் தின்று, ஒரு வார்த்தை சொல்லவில்லை. போர் போட்டதைக்கூட மன்னித்துவிடலாம் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர்கள் இருவரும் எனக்குத் தெரியாமல் போனில் இதைப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்பதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மறுநாள் அண்ணன் ஒரு சுருள் ட்யூபைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பாறை மேலாக இழுத்துக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். அவன் ட்யூபை வரப்பில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்த ஞாயிறு என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார்.

"மரத்துக்கு இன்னா தெரியும் ரோஷம்? தண்ணி தண்ணிதான?" என்றார்.

"அது நான் கெணத்துல வுட்டு வெச்ச தண்ணிங்க. நாம குளிக்காம, மாட்டக் கொண்டுபோய் வேற வூட்ல கட்டி, மிச்சம் புடிச்ச தண்ணி. அத எடுத்து அவன் எனக்கே தானம் பண்றானா?"

அவர் அடுத்தடுத்த வாரங்களிலும் கேன் கட்டிக்கொண்டுதான் வந்தார். கேன் தண்ணீரில் எத்தனை கன்றைக் காப்பாற்ற முடியும்? முதலில் பெரியவை போயின. ஒரு கன்றின் தண்டை நகத்தால் கீறிப் பார்ப்பேன். பச்சை தெரிந்தால் ஊற்றுவேன், தெரியாவிட்டால் அதற்குப் போகிற தண்ணீரை அடுத்ததற்குத் திருப்புவேன். பிள்ளைகளுக்குள் இவன் பிழைப்பான், இவன் பிழைக்க மாட்டான் என்று பிரிக்கிற வேலை அது. என் எதிரிக்கும் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். எதிரி யார் என்று யோசித்தால் அண்ணன் முகம் வருகிறது, அதனால் விட்டுவிடுகிறேன். மழை வருவதற்குள் வரிசையில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிஞ்சியவை பெரும்பாலும் வீட்டுப் பக்கம் நின்றவை, பாத்திரத் தண்ணீரும் சோறு வடித்த தண்ணீரும் குடித்தவை.

மழை நன்றாகவே பெய்தது. கிணறு ஏறியது. அண்ணன் வந்தான், தன் முடிச்சை ஒரு இழுப்பில் அவிழ்த்தான், கற்பூரம் கொளுத்தினான். ஒரு தப்பும் செய்யாதவனைப்போலக் கண்ணை மூடிக் கும்பிட்டான். சாமிக்கும் அவனுக்கும் கணக்குச் சரியாக இருந்திருக்கும், கயிற்றைத்தான் அவன் தொடவில்லையே. நான் என் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தேன். வாயெல்லாம் கசந்தது. அவன் எனக்காகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

இந்த வருடம் மாசிக் கடைசியில் வெள்ளிக்கிழமை வந்தது. மிஞ்சிய கன்றுகளுக்கு இது மூன்றாவது கோடை. காலையில் அண்ணன் வந்தான். ஒரு கையில் மஞ்சள் கயிறும் வேப்பிலையும், இடுப்பில் பேத்தி. வேலூரில் நான் முதலில் கையில் வாங்கிய குழந்தை. என்னைப் பார்த்ததும் தாவியது. வாங்கிக்கொண்டேன். என் தாலிக் கயிற்றைப் பிடித்து வாயில் வைத்தது.

"வெள்ளிக்கெழம பாப்பா. காப்பு கட்டலாம் வா" என்றான்.

அவனுக்கு அது நிஜமாகவே கட்ட வேண்டிய காப்பாகத்தான் தோன்றியது. நடிப்பு இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. இனி அந்தக் கயிறு கட்டப் போவது என்னை மட்டும்தான் என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை. நான் கிணற்றில் எவ்வளவு மிச்சம் வைத்தாலும் அது பாறைக்குக் கீழே இறங்கி அவன் தக்காளிக்குப் போகும்.

"மொதல்ல உன் போருக்குக் கட்டுண்ணா" என்றேன். "நீ ஒரு முடிச்சு போடு, நான் வந்து ஒண்ணு போடறேன். அப்பால இங்க வந்து கட்டலாம்."

அவன் சிரித்தான். நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"போருக்கு எவனாச்சும் காப்பு கட்டுவானா?"

குழந்தையின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தாலியை விடுவித்துக்கொண்டு, பேத்தியை அவனிடம் கொடுத்தேன். அவன் கயிற்றைக் கல்தூணின் மேல் முடிச்சில்லாமல் போட்டுவிட்டு, பேத்தியைத் தூக்கிக்கொண்டு பாறையைச் சுற்றிக் கீழே இறங்கிப் போனான்.

மத்தியானம் கரண்ட் வந்ததும் கயிற்றை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மோட்டாரைப் போட்டேன். மாசிக் கடைசியில் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பல வருடமாயிற்று. முதலில் கன்றுகளுக்கு விட்டேன், குழி நிரம்ப நிரம்ப. மண்ணுக்குள் எவ்வளவு இறங்குமோ இறங்கட்டும், பாறை உறிஞ்சுவதற்குள் இவை குடிக்கட்டும். பிறகு செத்துப்போன கன்றுகளின் வெறும் குழிகளுக்கும் விட்டேன். பிறகும் நிறுத்தவில்லை. விதைக்காத சாமை நிலத்தில் தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. இத்தனை வருடம் ஒரு சொம்புத் தண்ணீருக்கு ஊரோடு சண்டை போட்டவள், நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மிச்சம் பிடிப்பது என்றால் நாளைக்கு இருக்கும் என்ற நம்பிக்கைதானே. அந்த நம்பிக்கையைத்தான் என்னிடமிருந்து அவன் உறிஞ்சிக்கொண்டான்.

சாயங்காலம் உலை வைக்கிற நேரம் வந்தது. உள்ளே போய் அரிசி களைந்தேன். எப்போதும்போலக் களைந்த தண்ணீரைச் சட்டியில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலை உடைத்துக்கொண்டு வந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடியின் காலைச் சுற்றிக் குளம் கட்டி நின்றது. வாழையடியிலும் அப்படித்தான். நான் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை ஊற்ற ஒரு காய்ந்த இடம் கிடைக்காமல், வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.